மந்தின்

மந்தின், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பான் மாவட்டத்துச் செத்துல் முக்கிமில் (துணை வட்டத்தில்) உள்ள ஒரு சிற்றூர். சிரம்பானுக்கு வடமேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், பழைய கோலாலம்பூர் சாலையில் அமைந்துள்ளது. அஞ்சல் எண் 71700. சிலாங்கூர் எல்லையிலுள்ள பெரானாங்கும் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த பாஜாம், லெங்கெங், நீலாய் ஆகியவையும் இதன் அண்டை ஊர்கள்.

தீத்திவாங்சா மலைத்தொடர் தெற்கே தாழ்ந்துவரும் பகுதியின் மேற்கு அடிவாரத்தில் ஊர் இருக்கிறது. இங்கிருந்து சிரம்பானுக்குப் போகும் பழைய சாலை வளைந்து வளைந்து ஒரு கணவாயின்மேல் ஏறி இறங்கும். மந்தின் மலை என்றால் பழைய லாரி ஓட்டுநர்களுக்கும் பேருந்துப் பயணிகளுக்கும் அந்த வளைவுகள்தான் நினைவுக்கு வரும். நீரையும் இந்த மலைதான் பிரிக்கிறது. மந்தின், நீலாய்ப் பக்கத்து ஓடைகள் மேற்கே போய் சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் சேர்கின்றன. மலைக்கு அப்பால் சிரம்பானில் பெய்யும் மழை லிங்கி ஆற்றின் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 2,000 மி.மீ.; ஏப்ரலையொட்டியும் அக்டோபர், நவம்பரிலும் கூடுதலாகப் பெய்யும்.

மலையின் கருங்கல் சிதைந்து அடிவாரத்தில் படிந்த மண்ணில் வெள்ளீயம் இருந்தது. ஊர் உருவானதற்குக் காரணம் அதுதான். இப்பகுதி முன்னர் சுங்கை ஊஜோங் என்ற மினாங்கபாவ் மலாய்க்காரர் சிற்றரசைச் சேர்ந்தது. அதை ஆண்ட தலைவர் டத்தோ கிளானா எனப்பட்டார். தாய்வழிச் சொத்துரிமை கொண்ட அடாட் பெர்பாத்தே வழக்கம் இங்கு நிலைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஈய லம்பங்களில் (சுரங்கங்களில்) வேலை செய்யச் சீனர்கள், குறிப்பாக ஹக்கா இனத்தவர், பெருமளவில் வந்தார்கள். 1874இல் டத்தோ கிளானாவுக்கும் இன்னொரு தலைவரான டத்தோ பண்டாருக்கும் மூண்ட பூசலில் பிரிட்டிஷார் தலையிட்டு ஆட்சியில் காலூன்றினர். 1878இல் சிலாங்கூருடன் எல்லை ஒப்பந்தம் ஏற்பட்டது. செமினியும் பெரானாங்கும் சிலாங்கூர்ப் பக்கம் போக, மந்தின் எல்லையோரத்து ஊராயிற்று. 1896இல், சுங்கை ஊஜோங்கையும் உள்ளடக்கிய நெகிரி செம்பிலான், ஐக்கிய மலாய் மாநிலங்களில் ஒன்றாகச் சேர்ந்தது.

தமிழர் வந்தது தோட்டங்களுக்காக. சுங்கை ஊஜோங்கில் முதலில் பயிரானது காப்பி. 1890களில் காப்பி விலை சரிந்ததும் தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் மந்தின், நீலாய், லாபு வட்டாரத்துக் காடுகள் அழிந்து கித்தா மரக் காடுகள் எழுந்தன. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டி வந்தவர்கள் கங்காணிகள். 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் எடுப்பது நின்றது. 1938இல் இந்திய அரசு கங்காணி முறையையும் தடுத்துவிட்டது. அதற்குள் இங்கே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டிருந்தது.

தோட்ட வாழ்க்கை பெரட்டில் தொடங்கும். விடியுமுன் பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் ரப்பர் மரத்தைச் சீவி, மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, தோள் நோகச் சுமந்துபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். பெண்கள் கைக்குழந்தையைப் பிள்ளைக் காப்பகமான ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு அதே வேலையைச் செய்தார்கள். பாடு அதே, கூலி மட்டும் குறைவு. துரை பங்களா மேட்டில், கிராணி (எழுத்தர்) வீடு நடுவில், தொழிலாளர் லயங்கள் பள்ளத்தில். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோவில், எல்லையில் முனியாண்டி, அருகில் கள்ளுக்கடை. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. பல பள்ளிகள் ஒற்றை அறையோடு நின்றன. ஆயினும் இவ்வட்டாரத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறைகள் அந்த அறைகளிலிருந்துதான் வந்தன.

ஜப்பானியர் ஆட்சியில், 1942க்கும் 1945க்கும் இடையே, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டனர்; பலர் திரும்பவில்லை. கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்தது. காட்டோரக் குடியிருப்புகள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட காலம் அது. சிரம்பானில் தோட்டத் தொழிற்சங்கப் பணியில் வளர்ந்த பி.பி. நாராயணன் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாக முன்னின்றார். சுதந்திரத்தையொட்டித் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, 1960இல் மலாயா இந்தியக் காங்கிரஸ் தலைவர் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

ரயில் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு நீலாய், லாபு வழியாகச் சென்றது. மந்தினுக்கு நிலையம் கிடைக்கவில்லை. ஊர் சாலையை நம்பியே இருந்தது. பின்னர் கோலாலம்பூர்–சிரம்பான் நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும் வண்டிகள் நீலாய்ப் பக்கம் திரும்பின. தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் அங்கேயே குவிந்தன. மந்தின் சிறிதாகவே நின்றதற்கு இந்த இரண்டு பாதைகளே முதன்மைக் காரணம் எனலாம். 2010 அளவில் முழுமையாகத் திறந்த காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலைதான் ஊருக்குத் தனி நுழைவாயிலைத் தந்தது. ஊருக்கு வெளியே 12ஆம் மைல் கட்டையில் லெகெண்டா பல்கலைக்கழக நகரியமும் உருவானது.

மரப்பலகை வீடுகள் கொண்ட ஹக்கா கம்பம் மந்தினின் மிகப் பழைய குடியிருப்புகளுள் ஒன்று, நூறாண்டைக் கடந்தது. மேம்பாட்டுத் திட்டத்துக்காக 2013இல் அங்கு வீடுகள் இடிக்கப்பட்டன. குடியிருப்பாளர்களும் கலைஞர்களும் மாணவர்களும் திரண்டு எதிர்த்ததால் அந்தக் கம்பம் நாடறிந்ததாயிற்று. தோட்ட லயங்களுக்கு அப்படியொரு கவனம் கிடைக்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு வந்தது. மரத்தோடு லயமும் விழுந்தது, மக்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் சிதறிப்போனார்கள். பத்தாங் பெனார், லாபு, கிர்பி என்னும் தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் சுமந்துவருகின்றன. தாத்தா, பாட்டி வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும், கையிலுள்ள சம்பளச் சீட்டு, கோவில் திருவிழாப் படம் ஆகியவற்றின் படிகளையும் அந்தப் பள்ளி நூலகங்களில் சேர்ப்பது, மந்தின் வட்டாரத்தில் பிறந்தவர்கள் இன்றே செய்ய வேண்டிய வேலை.