வடக்குத்து மண்ணும் நம் வீட்டுத் தண்ணீரும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நம் இல்லங்களில் அடிக்கடி எழும் பேச்சுகளுள் ஒன்று தண்ணீரைப் பற்றியதாகும். ஒரு வீட்டில் சோப்பு நுரைக்கவில்லை என்பர். மற்றொரு வீட்டில் ஜும்ஆவிற்கு உடுத்தும் வெள்ளைச் சட்டை செம்பழுப்பாகிறது என்பர். இரண்டிற்கும் "இங்கே தண்ணீர் கடினம்" என்ற ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டு, ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சுத்திகரிப்புக் கருவி வாங்கி மாட்டிவிடுகிறோம். இவ்விரு குறைகளும் ஒன்றல்ல. அவை ஏன் வேறுபடுகின்றன என்பதை அறிய, நம் காலடியில் உள்ள நிலத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

நீரின் சுவையும் தன்மையும் சிறிய செய்தியன்று. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முஹாஜிர்களுக்கு அங்கிருந்த பல கிணறுகளின் நீர் ஒத்துக்கொள்ளவில்லை. இனிய நீர் தந்தது ரூமா கிணறு. அதன் நீர் விலைக்கே கிடைத்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் அக்கிணற்றை வாங்கி அனைவருக்குமாக வக்ஃபு செய்த வரலாறு நாம் அறிந்ததே. ஊரில் தண்ணீர் இருந்தது. நல்ல தண்ணீருக்குத்தான் தட்டுப்பாடு. நம் ஊரின் கதையும் ஏறத்தாழ இதுவே.

தென்னார்க்காட்டின் இப்பகுதியில் நிலக்கரியும் நீரும் ஒன்றாகவே கண்டறியப்பட்டன. 1884இல் புதுச்சேரியை அடுத்த பாகூரில், தானே பொங்கி எழும் ஊற்றுக்காகத் துளையிட்டபோதுதான் பழுப்பு நிலக்கரி முதன்முதலில் தட்டுப்பட்டது. பின்னர் 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. நீரைத் தேடியவர்களுக்குக் கரி கிடைத்தது. கரியைத் தேடிப் போனவர்களுக்கோ நீர் பெரும் இடையூறாக வந்து நின்றது.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவு செய்யப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு முதல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரிப்படுகைக்குக் கீழே, கடலூர் மணற்பாறை என்று நிலவியலார் அழைக்கும் அடுக்கில், பெரும் நீர்த்தேக்கம் அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்று அவ்வழுத்தத்தைக் கணக்கிட்டனர். அந்த அடுக்கில் ஒரு குழாயை இறக்கினால், யாரும் இறைக்காமலேயே நீர் 60 முதல் 80 மீட்டர் உயரம் ஏறி நிற்கும். மேல் மண்ணை அகற்றினால் அந்நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். எனவே சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணிக்கத் தொடங்கினர். 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது; 1962இல் மின்சாரம் பிறந்தது. தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் கரி எடுக்க ஏறத்தாழ 12, 13 டன் நீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. முதல் அனல் மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. நீர் இறைப்பது மட்டும் நிற்கவில்லை. சுரங்கம் நடக்கும் வரை நிற்கவும் முடியாது.

இறைத்த நீர் மின் நிலையங்களுக்கும் நகரியத்தின் குழாய்களுக்கும் சென்றது. எஞ்சியது வாய்க்கால் வழியே வயல்களுக்கும், வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி முதலியவற்றுக்கும் பாய்ந்தது. இதனால் பயன்பெற்ற உழவர் பலர். அதே வேளையில், தாமாகப் பொங்கிய ஊற்றுகள் அடங்கின; இறைப்பு எந்திரங்கள் மேலும் மேலும் ஆழத்தில் இறக்கப்பட்டன. இந்த இரண்டையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மையான வரலாறு.

இனி நீரின் தன்மைக்கு வருவோம். நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமுமே கடினத்தன்மைக்குக் காரணம். சுண்ணாம்புப் பாறை வழியே வரும் நீர் கடினமாகும். நம் பகுதியின் செம்மண்ணும் மணற்பாறையும் சுண்ணாம்பு குறைந்தவை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகளில் விழும் மழை இம்மணலின் ஊடே இறங்குவதால், ஆழத்து நீர் பொதுவில் மென்னீராகவே உள்ளது. ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. அது சற்றே புளிப்புத்தன்மை கொண்டது. இரும்புச் சத்தையும் சுமந்து வருவது. இறைக்கும்போது கண்ணாடிபோல் தெளிவாயிருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகிச் செம்பழுப்பாக வாளியின் அடியில் படியும். நாகத்தகடு பூசிய இரும்புக் குழாய்களையும் அது மெல்ல அரிக்கும். வெள்ளைத் துணியில் ஏறும் கறை இரும்பின் வேலை; கடினத்தன்மையின் வேலையன்று.

சோப்பு நுரைக்காமல் திரிதிரியாய்ப் பிரிவதும், துவரம்பருப்பு வேக மறுப்பதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்படலம் கட்டுவதும் கடின நீரின் அடையாளங்கள். குடியிருப்புகளின் நடுவே உள்ள மேல்மட்டக் கிணறுகளிலும் குறைந்த ஆழத்துக் குழாய்களிலும் கழிவுநீரும் உப்பும் சேரச் சேர இக்குறை வர வாய்ப்புண்டு. ஆகவே ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் இருவேறு தண்ணீர் இருப்பதில் வியப்பில்லை. (நம் பாட்டிமார் கலங்கல் நீரில் உரைத்த தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிவிக்கும்; கடினத்தைப் போக்காது. படிகாரமும் அப்படியே.)

2004இல் நம் ஊருக்குப் புதியதொரு பெருமை வந்தது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழனின் மகன் இராஜாதித்தன் காலத்தில் வெட்டப்பட்டதாகக் கூறப்படும் வீராணம் ஏரி, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியாயிற்று. 1960களின் இறுதியில் தீட்டிய முதல் திட்டம் நிறைவேறாமல் நின்றுபோய், அதற்கெனச் செய்த பெருங்குழாய்கள் பல்லாண்டுகள் சாலையோரம் கிடந்ததை மூத்தோர் நினைவுகூர்வர். புதிய திட்டத்தில் சேத்தியாத்தோப்பிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம் ஏற்றப்படும் ஏரி நீர், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்ட சுத்திகரிப்பு நிலையத்தில் தெளிவிக்கப்படுகிறது. அந்நிலையம் அமைந்திருப்பது நம் வடக்குத்தில்தான். அங்கிருந்து காடாம்புலியூர் வரை எந்திரம் ஏற்றிவிட, அதற்கப்பால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம் நீர் தன் எடையாலேயே போரூர் வரை ஓடுகிறது. ஏரி வறண்ட காலங்களில் நெய்வேலிப் பகுதி ஆழ்துளைக் கிணறுகளின் நீரும் இக்குழாய்க்குத் துணை நின்றது.

காவிரி நீர் கொள்ளிடம், கீழணை, வடவாறு, வீராணம் எனக் கடந்து நம் வாசலுக்கு வந்து, தூய்மையாகித் தலைநகருக்குப் போகிறது. நாமோ பெரும்பாலும் நம் ஆழ்துளைக் கிணறுகளையும் மேல்நிலைத் தொட்டிகளையும் நம்பியே இருக்கிறோம். தாகித்த நகருக்கு நீர் போவதில் நமக்கு மனக்குறை இல்லை. இருப்பினும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் ஒரு பங்கு கேட்பது நியாயமான கோரிக்கையே. அதே சமயம், அங்கே நடப்பது வண்டலைப் படியவைத்து, வடிகட்டி, குளோரின் கலப்பதே. கடினத்தன்மையைப் போக்கும் வேலையன்று என்பதையும் அறிந்துகொள்வது நன்று.

வீட்டளவில் செய்யத்தக்கவை எளியவை. இரும்புள்ள நீரைக் காற்றுப்படும்படி ஊற்றி, ஓர் இரவு தெளியவிட்டு, மணல் வடிகட்டியில் வடித்தால் பெரும்பகுதி நீங்கும். தற்காலிகக் கடினத்தன்மை கொதிக்க வைத்தால் அகலும். நிரந்தரக் கடினத்தன்மைக்குத் துவைக்கும் நீரில் சலவைச் சோடா இட வேண்டும். ஆர்.ஓ. கருவி இவற்றில் பெரும்பகுதியை நீக்கும் என்பது மெய்யே. ஆயினும் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டரை அது கழிவாக வெளியேற்றும் வீடுகள் பல. ஒரு முத்து அளவு, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைந்த நீரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் படிக்கும் நாம், அக்கழிவு நீரைச் சாக்கடையில் விடுவது சங்கடமான செய்தி. தரை கழுவவாவது அதைப் பிடித்து வைக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னர்ச் செய்ய வேண்டியது பரிசோதனை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதிக்கிறது. சுரங்கத்தையும் மின் நிலையங்களையும் சுற்றியுள்ள ஊர்களின் நீர் மாசு குறித்துப் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வறிக்கை பேசும் பாதரசம் போன்றவை சோப்பு நுரையிலோ, கருவி விற்பவர் நீரில் தோய்த்துக் காட்டும் டி.டி.எஸ். பேனாவிலோ தெரியாது. ஆய்வகத்தில் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி எவரும் நீரைச் சோதிக்கலாம். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, தூய இரண்டு லிட்டர் கேனை அதே நீரால் இருமுறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். கிணற்றின் ஆழத்தையும் எடுத்த தேதியையும் அதன்மேல் எழுதி, தாமதமின்றிக் கொண்டு சேருங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எனச் சோதித்தால்தான் நம் வீட்டு நீரின் முழு முகம் தெரியும்.