வகுப்பறையில் பிறந்த லினக்ஸ்

ஒரு பொருளைக் கையாளத் தெரிவது ஒரு கல்வி. அப்பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று அறிவது மற்றொரு கல்வி. முன்னதைக் கடைக்காரரே கற்றுக்கொடுத்துவிடுவார். பின்னதைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் இருந்தாலும் போதாது. அப்பொருளைத் திறந்து பார்க்கும் உரிமையும் வேண்டும். கணினித் துறையில் இந்த உரிமை ஒருமுறை வகுப்பறையிலிருந்து பறிபோயிற்று. பின்னர்ப் பலருடைய உழைப்பால் அது மீண்டது. அந்த மீட்சியின் வரலாறே லினக்ஸின் வரலாறு. பொறியியல் வல்லுநர்கள் இதனைப் பொறியியல் வரலாறாக எழுதுவர். தோட்டப் பள்ளியில் வெண்கட்டி பிடித்துத் தலை நரைத்த எனக்கோ இது ஆசிரியர், மாணவர் வரலாறாகவே தோன்றுகிறது.

சூரணமும் குறிப்பும்

வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு சொல்லை விளக்கிவிடுதல் நலம். நாட்டு வைத்தியர் நமக்குச் சூரணம் தருகிறார். உண்டால் நோய் தீர்கிறது. ஆனால், அதில் என்னென்ன மூலிகை, எவ்வெவ்வளவு சேர்ந்துள்ளன என்பது தூளைப் பார்த்தால் தெரியாது. அவர் தம் குறிப்பேட்டையும் சேர்த்துத் தந்தால், நாமே இடித்துக்கொள்ளலாம். நம் உடலுக்கேற்ப ஒன்றைக் கூட்டலாம், ஒன்றைக் குறைக்கலாம். கணினியை இயக்கும் மென்பொருளும் இவ்வாறே. மனிதர் படிக்கத்தக்க வடிவில் எழுதப்பட்ட குறிப்புக்கு மூல நிரல் என்று பெயர். அதனை யந்திரத்துக்கு மட்டும் விளங்கும் எண்களாக மாற்றித் தருவதே நாம் கடையில் வாங்கும் மென்பொருள். மூல நிரல் நம் கையில் இல்லாதவரை நாம் சூரணம் உண்பவர்கள்; வைத்தியம் கற்றவர்கள் அல்லர்.

யூனிக்ஸ் தந்த வாய்ப்பு

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவரும் அவர்தம் தோழர்களும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். ஆய்வுக்கூடம் ஏடி அண்டு டி என்னும் தொலைபேசிக் கம்பெனியைச் சேர்ந்தது. அக்கம்பெனி தொலைபேசியைத் தவிர வேறு வாணிபத்தில் இறங்கலாகாது என்று 1956-ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடு ஒன்று கட்டுப்படுத்தியிருந்தது. விற்க வழியில்லாத பொருளைப் பூட்டி வைப்பானேன்? சிறு தொகை பெற்றுக்கொண்டு, மூல நிரலோடு பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸ் அளிக்கப்பட்டது. வாணிபத் தடை ஒன்று கல்விக்கு வரமாக அமைந்த விந்தை இது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் ஆசிரியர் இருந்தார். அவர் யூனிக்ஸின் ஆறாம் பதிப்பை வரி வரியாக எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் உரை எழுதி, 1976-ஆம் ஆண்டில் மாணவருக்குப் பாடமாக வைத்தார். நம் புலவர்கள் மூலத்துக்கு உரை கண்டது போன்ற பணி அது. ஆனால், 1979-இல் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது உரிமத்தின் வாசகம் மாறிற்று. மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்துதல் கூடாதென்று அது தடுத்தது. லயன்ஸின் உரையை மாணவர்கள் கள்ளத்தனமாகப் பிரதியெடுத்துக் கைக்குக் கை மாற்றிப் படித்தனர். அந்நூல் வெளிப்படையாக அச்சேறியது 1996-ஆம் ஆண்டில்தான். ஒரு பாட நூலுக்கு இருபது ஆண்டு வனவாசம்!

பூட்டை எதிர்த்தவர்

அக்காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பணியாற்றி வந்தார். அவ்வாய்வகத்தில் நிரலைப் பகிர்ந்துகொள்வது ஊர்க் கிணற்றில் நீர் எடுப்பது போல இயல்பாக இருந்தது. அங்கு அன்பளிப்பாகப் புதிய அச்சு யந்திரம் ஒன்று வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. பழைய யந்திரத்தில் தாள் சிக்கினால் உரியவருக்குச் செய்தி வரும்படி அவர்கள் நிரலைத் திருத்தியிருந்தனர். புதியதற்கு மூல நிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரைக் கேட்டபோது, யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்களித்திருப்பதாக மறுத்துவிட்டார் என்று ஸ்டால்மன் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

தாள் சிக்கியது சிறு செய்தி. அண்டை வீட்டாருக்கு உதவுவதில்லை என்று ஒருவர் முன்கூட்டியே வாக்களிக்க வேண்டியிருந்ததே, அது சிறு செய்தியன்று. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் ஸ்டால்மன் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். எவரும் இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் உரிமையுள்ள முழு இயங்குதளம் ஒன்றை ஆக்குவதே அதன் நோக்கம். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றிற்று. 1989-இல் வந்த குனூ பொது உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டது: “எடுத்துக்கொள், திருத்திக்கொள், ஆயின் திருத்தியதை வெளியிடும்போது பிறருக்கும் இதே உரிமையைக் கொடு” என்பது அதன் சாரம். பூட்டுச் செய்யும் இரும்பைக் கொண்டே சாவி செய்தாற்போலாயிற்று. மூல நிரலை யந்திர மொழியாக்கும் கருவி முதலான பல உறுப்புகள் குனூ திட்டத்தில் உருவாகிவிட்டன. ஆனால் அனைத்துக்கும் உயிர்நாடியான கெர்னல் மட்டும் முடிவு பெறாமல் நீண்டுகொண்டே போயிற்று.

ஆசிரியர் எழுதிய இயங்குதளம்

இதனிடையே ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் மற்றொரு வழி கண்டார். யூனிக்ஸை வகுப்பில் நடத்தக்கூடாது என்றால், நடத்தத்தக்க ஒன்றை நாமே எழுதிவிட்டால் என்ன? அவர் எழுதிய மினிக்ஸ் 1987-ஆம் ஆண்டில் பாட நூலோடு வெளிவந்தது. ஏறத்தாழ 12,000 வரிகளே கொண்ட அது, மாணவர் ஒரு பருவத்துக்குள் படித்து முடிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலால், அதைச் சேர்க்க வேண்டும், இதைச் சேர்க்க வேண்டும் என்று பலர் வற்புறுத்தியும் அவர் இசையவில்லை. பாடம் பெருத்தால் மாணவன் மிரள்வான் என்பதை அனுபவமுள்ள ஆசிரியர் அறிவார் அன்றோ?

அந்நூலைப் படித்தவர்களுள் ஒருவர் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் ஒரு கணினி வாங்கி அதில் மினிக்ஸை ஏற்றினார். வீட்டிலிருந்தே பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ள வேண்டி ஒரு சிறு நிரல் எழுதப் புகுந்தார். எழுத எழுத அது இயங்குதளமாகவே வளரத் தொடங்கியது. ஆகஸ்டு 25-ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஒன்று செய்து வருவதாகவும், அது குனூவைப் போலப் பெரிதாக இராது என்றும் மினிக்ஸ் அன்பர்களுக்கு எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. செப்டம்பரில் வந்த முதல் வடிவில் சுமார் 10,000 வரிகளே இருந்தன. 1992-இல் அவர் அதனைக் குனூ பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். ஸ்டால்மன் குழுவினரிடம் கெர்னல் ஒன்றே குறையாக இருந்தது. டோர்வால்ட்ஸ் எழுதியதோ கெர்னல் ஒன்றே. இரண்டும் இணைந்தபோது முழு இயங்குதளம் கிடைத்துவிட்டது. இன்று லினக்ஸ் என்ற ஒரு பெயரால் வழங்கினும், குனூவின் பங்கை மறத்தல் நன்றியன்று.

1992 ஜனவரியில் டானென்பாம், லினக்ஸின் அமைப்பு பழமையானது என்று வெளிப்படையாகக் குறை கூறினார். டோர்வால்ட்ஸ் தம் மாணவராக இருந்திருந்தால் இத்தகைய அமைப்புக்கு நல்ல மதிப்பெண் பெற்றிருக்கமாட்டார் என்றும் எழுதினார். மாணவரும் விட்டுக்கொடுக்காமல் சுடச்சுட விடை தந்தார். இருவரும் மோதிக்கொண்டது உண்மையே. ஆயினும், ஆசிரியர் நூலைத் திறந்து வைத்திராவிடில் மாணவர் மறுத்துப் பேசும் அளவுக்கு வளர்ந்திருப்பாரா?

1994 மார்ச்சில் 1.0 வடிவம் வந்தபோது 1,76,000 வரிகளாக இருந்த லினக்ஸ் கெர்னல், இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்து நிற்கிறது. நம் கைப்பேசிகளில் உள்ள ஆண்ட்ராய்டு அதன்மேல் கட்டப்பட்டதே. 2017 நவம்பர் முதல் உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. 2021 ஏப்ரலில் செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுவிட்டி என்னும் சிறு வானூர்தியும் லினக்ஸைச் சுமந்தே பறந்தது.

உள்ளங்கையில் ஒரு கணினி

மென்பொருள் திறந்துவிட்டது, கணினியோ விலையுயர்ந்த மூடிய பெட்டியாகவே இருந்தது. இங்கும் வழி காட்டியது வகுப்பறையே. இத்தாலியின் இவ்ரேயா நகரக் கலைப்பள்ளி ஒன்றில் எர்னாண்டோ பராகான் என்ற மாணவர், மின்னணுவியல் கல்லாதவரும் எளிதில் கையாளத்தக்க ‘வயரிங்’ என்னும் பலகையைத் தம் பட்ட ஆய்வாக 2003-இல் உருவாக்கினார். அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான மாசிமோ பான்சியும் தோழர்களும் 2005-இல் வெளியிட்ட ஆர்டுயினோ அதிலிருந்து கிளைத்ததே. பலகையின் வரைபடத்தையே அவர்கள் ஊரறிய வெளியிட்டுவிட்டதால், எவரும் அதனைச் செய்து விற்கலாம் என்றாயிற்று.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மற்றொரு கவலை எழுந்தது. கணினியியல் பயில வருவோர் தொகை குறைந்தது. வருவோரும் முன்னிருந்த மாணவரைப் போல நிரல் எழுதிப் பழகியவராக இல்லை. காரணம் யாது? 1980-களில் வீட்டுக் கணினியைத் திறந்தால், ஏதேனும் எழுது என்று அது காத்து நிற்கும். பின்னாளில் அவ்விடத்தை விளையாட்டுப் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. விளையாடத் தெரிந்தது, எழுதத் தெரியவில்லை. எபன் அப்டனும் அவர் தோழர்களும் இக்குறையைத் தீர்க்க முனைந்து, 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். வங்கி அட்டை அளவுள்ள பலகை. விலை 35 அமெரிக்க வெள்ளி. அதில் ஓடியது லினக்ஸ். 2024 ஜூனில் அந்நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றபோது ஆறு கோடிக்கும் மேற்பட்ட பலகைகள் விற்றிருந்தன. இதன் பலகை ஆர்டுயினோவைப் போல முழுதும் திறந்ததன்று என்பதையும் கூறிவிட வேண்டும்.

திறந்த கதவும் காவலும்

திறந்துவிட்டால் திருடன் புகமாட்டானா என்று வாசகர்கள் வினவலாம். புக முயன்றான். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்னும் சுருக்கும் கருவியை ஒருவரே தனியாகப் பேணி வந்தார். உதவுபவர் போல வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று, அதில் கள்ளக் கதவொன்றை வைத்துவிட்டார். 2024 மார்ச்சில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், மூலம்வரை துருவிச் சென்று கள்ளத்தை வெளிப்படுத்தினார். மூல நிரல் பூட்டியிருந்தால் அவர் துருவியிருக்க முடியாது. அதே சமயம், படிப்பார் இன்றித் திறந்து கிடக்கும் ஏடு எவரையும் காக்காது என்பதும் விளங்குகிறது.

நம் பள்ளியும் நம் மொழியும்

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் பழைய கணினிகள் சில மூலையில் கிடந்தன. புதிய இயங்குதளத்துக்கு அவை பொருந்தா, கழித்துவிடுங்கள் என்றார் பழுது பார்க்க வந்தவர். ஒரு பள்ளி விடுமுறையில் அவற்றுள் லினக்ஸை ஏற்றிப் பார்த்தேன். இரண்டு எழவேயில்லை, மற்றவை மெல்ல நடந்தன. பிறகு என் கைக்காசில் ராஸ்பெரி பை ஒன்று வாங்கிப் பழைய தொலைக்காட்சியில் இணைத்தேன். முறைப்படி நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டித்து, அதன் நினைவு அட்டையை இருமுறை கெடுத்துக்கொண்டதும் உண்டு. கெட்டதைத் துடைத்து மீண்டும் ஏற்றக் கற்றேன். அதுவும் பாடமே.

ஒரு நாள் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, சிறு விளக்கு விட்டுவிட்டு எரியும் நிரலில் ஓர் எண்ணை மாற்றினாள். விளக்கு விரைந்து மின்னிற்று. “ஐயா, இது நான் சொன்னதைக் கேட்குது!” என்று கூவினாள். தாய் தந்தையர் பிறர் சொற்படி உழைத்த தோட்டத்தில் பிறந்த பிள்ளை, ஒரு யந்திரம் தன் சொற்படி நடக்கக் கண்ட நேரம் அது.

நம் மொழிக்கும் இதில் பங்குண்டு. மூலம் திறந்திருந்தமையால்தான், 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் முதல் பல நாட்டுத் தமிழன்பர்கள் கேடிஇ, ஜினோம் முதலிய லினக்ஸ் திரைமுகப்புகளை எவர் அனுமதிக்கும் காத்திராமல் தமிழாக்கி வந்தனர். விற்பனைக் கணக்குப் பார்க்கும் இடத்தில் சிறிய சந்தையுள்ள மொழி வரிசையில் நிற்க வேண்டும். திறந்த இடத்தில் உழைப்பவர் இருந்தாலே போதும்.

உழைப்பவரை உண்டாக்குவது யார் பணி? லயன்ஸ் உரை எழுதினார். டானென்பாம் பாட நூல் எழுதினார். அவர்கள் செய்தது ஆசிரியர் தொழில்தான். பெற்றோரே, பிள்ளைக்குப் புதிய கைப்பேசி வாங்கித் தரும் காசில் ஒரு பகுதிக்கு இத்தகைய சிறு பலகையொன்றை வாங்கித் தாருங்கள். ஆசிரியத் தோழர்களே, நமக்குத் தெரியாது என்று தயங்க வேண்டாம். மாணவரோடு சேர்ந்து கற்போம். கதவைப் பிறர் திறந்து வைத்துவிட்டனர். உள்ளே நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நம் கடமை.