கீழ் முதுகுக்கு ஒரு முட்டு: ஆபீஸ் சேர் வந்த வழி

2020-க்குப் பிறகு நம் குடியிருப்பில் பல வீடுகளுக்கு ஓர் ஆபீஸ் சேர் வந்து சேர்ந்துவிட்டது. அதை விற்பவர்கள் தவறாமல் சொல்லும் வார்த்தை 'லம்பார் சப்போர்ட்'. கீழ் முதுகுக்குக் கொடுக்கும் முட்டு என்று பொருள். இந்த முட்டு எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு துருத்த வேண்டும் என்று அளந்து பார்க்கவே மருத்துவர்களுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதை தெரிந்தால், நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

சுழலும் நாற்காலி பழையது. அமெரிக்காவின் தாமஸ் வாரன் 1849-ல் வடிவமைத்த நாற்காலி சுழலும், உருளும், வில்களின் மேல் எல்லாப் பக்கமும் சாயும். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியிலும் அது இடம்பெற்றது. ஆனால் அதன் சுகமெல்லாம் வில்லிலும் மெத்தையிலும்தான் இருந்தது.

முதுகெலும்பைப் பற்றிய பேச்சு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. ஜெர்மனியின் வீஸ்பாடன் நகர மருத்துவர் ஃபிரான்ஸ் ஸ்டாஃபெல் 1884-ல் உட்காரும் முறையைப் பற்றி எழுதினார். நாம் நிற்கும்போது இடுப்புக்கு மேலே முதுகு உள்நோக்கி வளைந்திருக்கும். உட்கார்ந்தவுடன் இடுப்புக்கூடு பின்பக்கம் உருள்கிறது; அந்த வளைவு தட்டையாகிறது; முதுகு கூன் போடுகிறது. எனவே சாய்மானம் தோளைத் தாங்கினால் போதாது, இடுப்புக்கு மேலுள்ள பள்ளத்தைத் தாங்க வேண்டும் என்றார் அவர்.

இந்த யோசனை அலுவலகத்துக்குள் நுழைந்தது டைப்பிஸ்டுகளின் வழியாக. 1920-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தட்டச்சுப் பெண்களுக்கென்று சிறு நாற்காலிகள் விற்பனைக்கு வந்தன. கை வைக்க இடமில்லை. முதுகுக்கு ஒரு சிறிய பலகை மட்டும், ஏற்றி இறக்கும் வசதியோடு, கீழ் முதுகில் பதியும்படி இருந்தது. மேலாளருக்கோ உயரமான தோல் நாற்காலி. அந்தஸ்து அவருக்கு, சரியான இடத்தில் முட்டு டைப்பிஸ்டுக்கு! களைப்பு குறைந்தால் வேலை கூடும் என்பதுதான் விற்பவர்களின் வாதம்.

அளந்து பார்க்கும் காலம் அடுத்து வந்தது. ஸ்வீடன் மருத்துவர் பெங்ட் ஆக்கர்ப்ளும் 1948-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, இடுப்பருகே முன்தள்ளி மேலே பின்வாங்கும் சாய்மானத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜே கீகன் 1953-ல் எக்ஸ்ரே படங்களோடு ஒன்றைக் காட்டினார்: தொடைக்கும் உடம்புக்கும் இடையிலான கோணம் சுமார் 135 டிகிரி இருக்கும்போதுதான் கீழ் முதுகு இயல்பான வளைவில் இருக்கிறது. செங்கோணத்தில் விறைப்பாக உட்கார்ந்தால் வளைவு குறைகிறது.

ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் இன்னும் ஒரு படி மேலே போனார். முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாயாமல் உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிட அதிகம் என்பது அவர் கண்டது. 1970-களில் குன்னார் ஆண்டர்சன் நடத்திய ஆய்வுகளில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. சாய்மானத்தைப் பின்னால் சாய்க்கச் சாய்க்க டிஸ்க்கின் அழுத்தம் குறைகிறது. ஆனால் சாய்வதால் மட்டும் வளைவு திரும்ப வருவதில்லை. அதற்கு முட்டு வேண்டும். அவருடைய 1979 எக்ஸ்ரே ஆய்வில் 4 சென்டிமீட்டர் முட்டு கொடுத்தபோது கீழ் முதுகு நிற்கும்போது உள்ள வளைவை நெருங்கியது. தாத்தாவின் ஈஸி சேரில் சாய்ந்தால் சுகமாக இருப்பதும், அதிலேயே லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்தால் இடுப்பு பிடித்துக்கொள்வதும் இதோடு பொருந்துகின்றன. அங்கே சாய்வு உண்டு, முட்டு இல்லை.

1976-ல் பில் ஸ்டம்ப்ஃப் வடிவமைத்த 'எர்கான்' நாற்காலியை ஹெர்மன் மில்லர் நிறுவனம் கொண்டுவந்தது. அவரும் டான் சாட்விக்கும் சேர்ந்து 1994-ல் உருவாக்கிய 'ஏரான்' வலைத்துணி நாற்காலி மூன்று அளவுகளில் வந்தது. ஒரே முட்டு எல்லா முதுகுக்கும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்ட வடிவம் அது. இன்று கடைகளில் வலைத்துணி முதுகோடு நிற்கும் சேர்களில் பாதி அதன் சாயல்தான்.

கதையில் ஒரு திருப்பமும் உண்டு. 1999-ல் ஜெர்மனியில் வில்கேயும் குழுவினரும் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்கில் மீண்டும் அளந்தபோது, நன்றாகப் பின்னால் சரிந்து சாய்ந்த நிலையில் அழுத்தம் நிற்பதைவிடக் குறைவாக இருந்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்தபோதோ வெகுவாக ஏறியது. நிலையை அடிக்கடி மாற்றுவது டிஸ்க்குக்கு நல்லது என்றும் அவர்கள் வலியுறுத்தினார்கள். 'நிமிர்ந்து உட்கார்' என்ற பழைய கட்டளை அதோடு கொஞ்சம் தளர்ந்தது.

ஆக, விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. முட்டு பெல்ட் கட்டும் உயரத்துக்குச் சற்று மேலே பதிகிறதா? அதை ஏற்றி இறக்க முடிகிறதா? சாய்மானம் பின்னால் சாய்ந்து நிற்கிறதா? பாதம் தரையில் படிகிறதா? வீட்டில் இருக்கும் சேர் நன்றாக இருந்தால், ஒரு டர்க்கி டவலைச் சுருட்டி அந்தப் பள்ளத்தில் வைத்து ஒரு வாரம் பாருங்கள். பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து திரையை நோக்கிக் குனிந்தால் எந்த முட்டும் முதுகைத் தொடாது. பின்னால் தள்ளி உட்காருங்கள், திரையை அருகே இழுத்துக்கொள்ளுங்கள், அரை மணிக்கொருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

பிள்ளைகள் படிக்கும் மேசையையும் ஒருமுறை பாருங்கள். ஸ்டாஃபெல் கவலைப்பட்டது அவர்களைப் பற்றித்தான். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ சேரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.