நன்கொடைக் கணினிகளைப் புதுப்பித்தல்: ஃப்ரீ கீக் அமைப்பின் வரலாறு

அலுவலகங்களும் வீடுகளும் கைவிட்ட கணினிகளைப் பெற்று, பழுது நீக்கி, வாங்க வசதியில்லாதவர்களுக்கு வழங்கும் பணி 1990களில் பல நாடுகளில் உருவெடுத்தது. கனடாவில் 'பள்ளிகளுக்கான கணினிகள்' என்னும் அரசுத் திட்டம் 1993இல் தொடங்கியது. ஓய்வு பெற்ற தொலைபேசித் துறைப் பணியாளர்கள் இதில் தன்னார்வலர்களாக உழைத்தனர். இத்தகைய முயற்சிகளில் பெறுபவர் பெரும்பாலும் பயனாளியாகவே இருந்தார். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரில் 2000ஆம் ஆண்டில் உருவான ஃப்ரீ கீக் இந்த உறவை மாற்றியது.

ஓசோ மார்ட்டின் தொடங்கிய இந்த அமைப்புக்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன. ஒன்று, நச்சுப் பொருள்கள் கொண்ட மின்கழிவு குப்பைமேட்டுக்குப் போவதைத் தடுப்பது. மற்றொன்று, கணினி இல்லாதவர்களுக்கு அதைக் கிடைக்கச் செய்வது. பணம் இல்லாதவர் 24 மணி நேரம் அங்கு வேலை செய்து ஒரு கணினியைப் பெற்றுக்கொள்ள முடிந்தது. வந்த கணினிகளைப் பிரிப்பது, உதிரிப் பாகங்களை வகைப்படுத்துவது போன்றவையே அந்த வேலை. முன்னறிவு தேவைப்படவில்லை. இன்னும் ஆழமாகக் கற்க விரும்பியோருக்குக் கணினி கட்டும் திட்டம் இருந்தது: பிறருக்காகச் சில கணினிகளைக் கட்டி முடித்தவர், தமக்கென ஒன்றைக் கட்டி எடுத்துச் செல்லலாம். கணினியைத் திறந்து பார்த்தவருக்கு அதன்மீது இருக்கும் அச்சம் பெரும்பாலும் போய்விடும். கணினியை இலவசமாகக் கொடுப்பதால் மட்டும் அது நடப்பதில்லை.

புதுப்பித்தலில் மிகுந்த கவனம் கோருவது வன்தட்டு. கோப்புகளை 'அழி' என்று சொன்னால் அவற்றின் முகவரிக் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. தரவு அப்படியே கிடக்கும். எனவே தட்டு முழுவதன்மீதும் புதிய தரவை எழுதி, பழையதை மூட வேண்டும். பழுதான தட்டு என்றால் உடைத்தே ஆக வேண்டும். இந்த உறுதி இல்லாவிட்டால் எந்த வங்கியும் மருத்துவமனையும் தன் கணினிகளைக் கொடுக்க முன்வராது. அதன்பின் நினைவகச் சோதனை, மின்வழங்கிச் சோதனை, ஒரு கணினியின் நல்ல பாகத்தை இன்னொன்றில் பொருத்துதல் எனப் பணி தொடரும்.

வன்பொருளைவிடப் பெரிய தடை மென்பொருள் உரிமமாக இருந்தது. கணினியோடு விற்கப்பட்ட விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. அதற்கான சான்றும் நிறுவல் வட்டும் பெரும்பாலும் நன்கொடையோடு வருவதில்லை. பழைய கணினிக்குப் புதிய உரிமம் வாங்கினால், கணினியின் மதிப்பைவிட உரிமத்தின் விலை கூடிவிடும். பின்னாளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் புதுப்பிப்போருக்கெனக் குறைந்த விலை உரிமத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஃப்ரீ கீக் தொடக்கம் முதலே கட்டற்ற மென்பொருளான லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது. செலவு மட்டுமே இதற்குக் காரணம் அன்று. நகலெடுக்கவும் மாற்றவும் அனுமதிக்கும் மென்பொருள், கூட்டாக உழைக்கும் ஓர் அமைப்பின் இயல்போடு ஒத்துப்போனது. ஆயினும், பள்ளியிலும் வேலையிடத்திலும் விண்டோஸையே சந்தித்த பயனர்களுக்கு இது புதிதாக இருந்ததால் பயிற்சி வகுப்புகளும் தேவைப்பட்டன.

வரும் கணினிகள் எல்லாம் உயிர்பெறுவதில்லை என்பதே இத்துறையின் கசப்பான பகுதி. பழைய குழல் திரைகளின் கண்ணாடியில் ஈயம் இருந்தது. அவற்றை முறையாக அகற்றச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்க விரும்பியவர்கள் 'நன்கொடை', 'பயன்படுத்திய பொருள்' என்ற பெயர்களில் உடைந்த கணினிகளை ஏழை நாடுகளுக்கு அனுப்பினர். கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள அக்போக்புளோஷியில் இளைஞர்கள் செம்புக்காகக் கம்பிகளை எரித்த காட்சிகள் உலகறிந்தவை. அபாயக் கழிவுகளின் எல்லை கடந்த போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டு 1992இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா அதில் கையொப்பமிட்டும் உறுதிசெய்யவில்லை. இந்நிலையில், இயங்குகிறதா என்று சோதித்த பிறகே ஒரு கணினியை வெளியே அனுப்புவது என்ற எளிய விதிதான் நன்கொடையையும் கழிவேற்றுமதியையும் பிரிக்கும் கோடானது.

ஃப்ரீ கீக்கின் முறையைப் பின்பற்றிச் சிகாகோ, வான்கூவர் உள்ளிட்ட நகரங்களில் அதே பெயரில் தனி அமைப்புகள் தோன்றின. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபோது, விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு இல்லாத, நன்றாக இயங்கும் கணினிகள் பெருமளவில் ஒதுக்கப்படும் நிலை உருவானது. அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸை இயக்கும் திறனுடையவை.