செல்போன் பேட்டரி: இரண்டு சம்பவங்கள்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை தொடங்கிய 2006ஆம் ஆண்டில், செல்போனின் பின்மூடியை நகத்தாலேயே திறக்கலாம். கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் சின்னக் கடையிலும் பேட்டரி மாற்ற ஒரு நிமிடம் போதும்.

இதன் அருமை 2007 ஆகஸ்டில் தெரிந்தது. 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகக்கூடும் என்று நோக்கியா அறிவித்தது. மக்கள் பேட்டரியின் எண்ணைச் சரிபார்த்து, அதை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு வந்த ஐபோனில் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். மற்ற நிறுவனங்களும் மெல்ல மெல்ல அதே வழிக்கு வந்தன. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது பேட்டரியை மட்டும் கழற்ற வழியில்லை. சுமார் 25 லட்சம் போன்களையே திரும்பக் கேட்டார்கள். மாற்றிக் கொடுத்தவையும் எரிந்ததால் அந்த மாடலே நின்றது.

தண்ணீர் புகாமலிருக்க ஒட்டித்தான் ஆகவேண்டும் என்று சொல்வதுண்டு. ஆனால் 2014இல் வந்த கேலக்ஸி எஸ்5 தண்ணீரையும் தாங்கியது, பேட்டரியையும் கழற்ற முடிந்தது!

இந்தியாவின் 2011ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள், பழையதைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் கொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இன்னும் ஒரு படி முன்னே போய், 2027 முதல் சில விலக்குகள் தவிர பேட்டரியைப் பயன்படுத்துபவரே மாற்ற முடியவேண்டும் என்று சட்டம் போட்டது. குப்பையான பின் பொறுக்குவதைவிட, குப்பையாகாமல் தடுப்பதுதான் செலவு குறைந்த வழி.