இரண்டு சிறுவர்கள், ஒரு பந்தி

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் இருந்தேன். நான் சைவம். சைவம் சாப்பிடும் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். ஜன்னலோரம் இருக்கும் நான்கு மேஜைகளை எங்களுக்கென்று ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். வாசகங்களை எழுதியது நான். பொறியியல் மாணவன் இல்லையா, ‘எளிய தீர்வு, செலவில்லாதது’ என்று வேறு சேர்த்திருந்தேன். வார்டன் மறுநாளே ஒப்புக்கொண்டார்.

என் அறைத்தோழன் கடற்கரை ஊர்க்காரன். அன்றைக்குச் சாயந்திரம் கேட்டான்: “உனக்குத் தனிக் கரண்டி வேணும், தனிப் பாத்திரம் வேணும்னா நானே வந்து கையெழுத்து போடுவேன்டா. தனி மேஜை எதுக்கு?” என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவன் என்னோடு சாப்பிட வருவதை நிறுத்திவிட்டான். அந்தக் கேள்விக்கான பதிலைப் பல வருடங்கள் கழித்து வரலாற்றில்தான் தேடிப்பிடித்தேன்.

1888இல் பத்தொன்பது வயது காந்தி லண்டனில் இன்னர் டெம்பிளில் சட்டம் படிக்கச் சேர்கிறார். பாரிஸ்டர் ஆகப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, விருந்தும் சாப்பிட வேண்டும். ஒரு பருவத்தில் நடக்கும் சுமார் 24 விருந்துகளில் குறைந்தது ஆறில் மண்டபத்தில் இருந்தாக வேண்டும். சாப்பிடாவிட்டாலும் சரி, முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். காசு கட்டியாக வேண்டும். காந்தி சாப்பிடக்கூடியவை ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மட்டுமே. ஆரம்பத்தில் அதுவும் பிடிக்காமல் பட்டினியாக எழுந்துவந்த நாட்கள் அதிகம். ஆனாலும் பக்கத்தில் உட்கார அவருக்கு ஏகக் கிராக்கி. நால்வருக்கு இரண்டு புட்டி ஒயின் என்பது கணக்கு. இவர் குடிக்க மாட்டார் என்பதால் மற்ற மூவருக்கும் லாபம்!

கொஞ்ச நாளில் தைரியம் வந்தது. சைவம் சாப்பிடும் ஒரு பார்சி மாணவரோடு சேர்ந்து விண்ணப்பம் கொடுத்தார். மூத்த வழக்கறிஞர்களின் மேஜைக்குப் போகும் காய்கறிகளும் பழங்களும் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்தது. இதையெல்லாம் அவரே ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார். நான் கவனித்தது ஒன்றுதான். அவர்கள் வேறு உணவைத்தான் கேட்டார்கள், வேறு இருக்கையை அல்ல.

இருபது வருடம் கழித்து வ.வே.சு. ஐயரும் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனார், லிங்கன்ஸ் இன்னுக்கு. 1909 அக்டோபரில் அங்குள்ள இந்தியர்கள் நடத்திய விஜயதசமி விருந்துக்குத் தலைமை தாங்க காந்தி வந்தார். சாப்பாடு சைவமாக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. சமையற்கட்டில் ஒல்லியான ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டும் காய் நறுக்கிக்கொண்டும் இருந்ததாகவும், அவர்தான் காந்தி என்பது தங்களுக்குப் பிறகே தெரிந்ததாகவும் டி.எஸ்.எஸ். ராஜன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் காந்தியும் ஐயரும் 1925 மார்ச்சில் மறுபடி ஒரு சாப்பாட்டு விவகாரத்தில் எதிரெதிரே உட்கார வேண்டிவந்தது.

தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில் ஐயர் குருகுலம் நடத்திக்கொண்டிருந்தார். தேசியக் கல்விக்கான கனவு அது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக முடிவெடுத்து, 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. பொதுப் பணத்தில் நடந்த அந்த விடுதியில் இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும் மற்ற மாணவர்களோடு உட்காராமல் தனியாகச் சாப்பிட்டார்கள். அவர்களின் பெற்றோருக்கு ஐயர் கொடுத்திருந்த வாக்கு அது. உணவிலேயே பாகுபாடு இருந்ததாகவும் பெரியார் தரப்பு குற்றம்சாட்டியது. அதை விட்டுவிட்டாலும், தனிப்பந்தியை யாரும் மறுக்கவில்லை.

வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதை விடவில்லை. ரெண்டு பையன்கள்தானே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். காந்தி ஒரு சமரசம் சொன்னார்: இந்த இரண்டு சிறுவர்கள் விஷயத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம், இனிமேல் இப்படிப்பட்ட நிபந்தனையோடு யாரையும் சேர்க்கக்கூடாது. சமரசம் எடுபடவில்லை. ஏப்ரலில் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் அவரும் மூழ்கி இறந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கு முன்பே அவர் மனதில் விழுந்திருந்த விரிசல்களில் சேரன்மாதேவியும் ஒன்று.

ஐயரை வில்லனாக்குவது சுலபம். என்னால் முடியவில்லை. அவர் கொடுத்த வாக்கும் நான் எழுதிய மனுவும் ஒரே சாதி. யாரோ சிலருடைய சங்கடத்தை வலியில்லாமல் தீர்த்துவிட்டோம் என்ற நினைப்பில், மற்ற எல்லோரிடமும் ‘நீ பக்கத்தில் உட்காரத் தகாதவன்’ என்று சொல்லிவிடுகிறோம்.

இது பழங்கதையும் இல்லை. 2023இல் மும்பை ஐஐடியில் மூன்று விடுதிகளுக்கான மெஸ்ஸில் ஆறு மேஜைகளைச் சைவத்துக்கு ஒதுக்கினார்கள். அங்கே உட்கார்ந்து அசைவம் சாப்பிட்டு எதிர்ப்புக் காட்டிய மாணவருக்கு அபராதம் 10,000 ரூபாய்.

தேவைகள் நிஜம். வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பவனுக்குத் தனிக் கரண்டி உயிர் விஷயம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவளுக்குச் சப்பாத்திக்கல் படாத தோசைக்கல் வேண்டும். ரமலான் மாதத்தில் விடிவதற்கு முன் சாப்பாடு வேண்டும். இவை எல்லாமே சமையற்கட்டில் தீர்க்க வேண்டிய காரியங்கள். சாப்பாட்டு மேஜைக்கு எதுவும் வர வேண்டியதில்லை.

வீணாகும் சோறும் அதே சமையற்கட்டுக் கணக்குதான். எங்கள் மெஸ்ஸில் ஒரு மாதம் எச்சில் டிரம்மை எடைபோட்டுப் பலகையில் எழுதினோம். டிரம் அதிகமாக நிரம்பியது ரவா உப்புமா போட்ட காலைகளில். யாருமே கேட்காத உப்புமா! காந்தி லண்டனில் சாப்பிடாத விருந்துக்குக் காசு கட்டியது போல, நாங்களும் குப்பைக்குப் போன உப்புமாவுக்கு மெஸ் பில் கட்டிக்கொண்டிருந்தோம். யாருக்கு எது வேண்டும் என்று முதல்நாள் ராத்திரியே கேட்டு எழுதிக்கொண்டு, முதலில் அரைக் கரண்டி, கேட்டால் மறுபடி என்று பரிமாறத் தொடங்கியதும் டிரம் இளைத்தது. விதவிதமான தேவைகளைக் கேட்டுச் சமைத்தால் மிச்சமும் குறைகிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அந்த நான்கு மேஜைகள் நான் படித்து முடிக்கும்வரை அப்படியே இருந்தன. அவற்றை எடுக்கச் சொல்லி இன்னொரு மனு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

போன வருடம் நண்பனின் ஊருக்குப் போயிருந்தேன். அவன் அம்மா எனக்குத் தனிச் சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். வாழையிலை போட்டு, அவன் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். அவன் தட்டில் வஞ்சிரம். பழைய மனுவைப் பற்றி இருவருமே பேசவில்லை. இலையை மடக்கும்போதுதான் சொன்னேன்: “அன்னிக்கு நீ கேட்டது சரிதான்டா.”

“தெரியும். மோர் ஊத்திக்க,” என்றான்.