நடைவழி இல்லாத விடுதி



நாளந்தாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கல் மடங்களைக் கண்டோர், நடுவே திறந்த முற்றமும் அதனைச் சூழ்ந்து சிறு அறைகளும் அமைந்திருக்கும் பாங்கினை அறிவர். உறைவிடத்தையும் கல்வியையும் பிரிக்கலாகாது என்னும் அத்தகையதொரு கருத்து, இருபதாம் நூற்றாண்டில் அகமதாபாத் நகரில் மீண்டும் உருப்பெற்றது.

1961-ஆம் ஆண்டில் அங்கு இந்திய மேலாண்மைக் கழகம் நிறுவப்பெற்றது. விஞ்ஞானி விக்ரம் சாராபாயும் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் அதன் ஆக்கத்தில் முன்னின்றனர். கட்டடக்கலை வல்லுநர் பாலகிருஷ்ண தோஷியின் முயற்சியால், அமெரிக்கரான லூயி கான் 1962-இல் அதனை வடிவமைக்கும் பணியை ஏற்றார்.

ஆசிரியர் உரை முடிந்த பின்னரும் மாணவர்களின் உரையாடலில் கல்வி தொடர்கிறது என்பது கானின் கொள்கை. ஆதலின் அவர் வகுப்பறைகளின் அருகிலேயே விடுதிகளை அமைத்தார். விடுதிகள் பலவற்றில் நாம் காணும் நீண்ட நடைவழியும் அதன் இருபுறத்து அறை வரிசையும் இங்கு இல்லை. ஒவ்வொரு தளத்திலும் அறைகள் சில, மாடிப்படிக் கூடத்தையும் தேநீர் அறையையும் ஒட்டி நிற்கின்றன. கதவைத் திறந்து வெளிவரும் மாணவன் தன் தோழர்களைக் காணாது செல்லுதல் அரிது.

கூர்ஜரத்தின் கடுங்கோடையையும் கான் மறந்தாரல்லர். காற்று வரும் திசையை நோக்கிக் கட்டடங்களைச் சாய்வாக நிறுத்தினார். தடித்த புறச்சுவர்களில் பெரிய வட்டத் திறப்புகளை வைத்து, அவற்றின் பின்னே நிழல் தரும் தாழ்வாரங்களை அமைத்தார். செங்கல் வளைவு தன்மேல் ஏறும் பாரத்தால் இருபுறமும் விரிய முயலும். அதன் இரு முனைகளையும் ஒரு கான்கிரீட் விட்டத்தால் பிணைத்து, அவ்விசையை அவர் அடக்கினார். அவ்விட்டமே அக்கட்டடங்களுக்கு அணியாகவும் விளங்குகிறது.

1974 மார்ச்சில், அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் கான் காலமானார். 2001-ஆம் ஆண்டின் பூகம்பத்தில் அவர் எழுப்பிய கட்டடங்கள் சேதமுற்றன. சீரமைக்கப்பெற்ற நூலகம் 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதினைப் பெற்றது. ஆயினும் விடுதிகளின் கதை வேறாயிற்று. பதினெட்டில் பதினான்கை இடித்துவிட நிர்வாகம் 2020 டிசம்பரில் முடிவு செய்தது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பினால் 2021 ஜனவரி முதல் நாள் அம்முடிவு கைவிடப்பட்டது. பின்னர் 2022 நவம்பரில், செங்கற்களின் சிதைவையும் மாணவரின் பாதுகாப்பையும் சுட்டி, மீளக் கட்டுவதே தக்கதென நிர்வாகம் அறிவித்தது.

உறங்குபவன் தலைமேல் சுவர் இடிந்து விழும் என்னும் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மரபின் பெயரால் உயிரைப் பணயம் வைக்குமாறு எவரும் கேளார். எனினும் புதிதாய்க் கட்டுவோர் செங்கல்லின் நிறத்தையும் வட்டத் திறப்பையும் மட்டும் காத்து, படிக்கட்டின் அருகே நால்வர் கூடும் அவ்விடத்தை இழப்பாராயின், காக்க வேண்டியதைக் காத்தவராகார். சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வுண்மையை விரித்துரைத்தல் வேண்டா. தனியறை தங்க இடம் தரும். அயலான் முகமே அவ்விடத்தை இல்லமாக்கும்.